விடுமுறை முழுக்க வண்டிக்குள்ளேயே போய்விட்டது. பக்கத்திலேயே எப்படித் தொடங்குவது?

ஞாயிறுமட்டும் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. கால்மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. போன மாதம் தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. வருடம் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்க முடியாத குறையை அந்த இரண்டு நாளில் தீர்த்துவிடலாம் என்று மலைப்பக்கம் கிளம்பினோம். இரண்டு நாளில் ஆறு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தேன்.

நான்கு இடம்தான் பார்த்தோம். வளைவுப் பாதையில் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அருவியில் நின்ற நேரத்தைவிட அங்கே வண்டி நிறுத்த இடம் தேடிய நேரம் அதிகம். மாமியார் இரண்டு இடங்களில் “நீங்க போயிட்டு வாங்க” என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். “சீக்கிரம் வா, சீக்கிரம் வா” என்று நான் பிள்ளைகளை விரட்டிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. திரும்பி வரும்போது நானும் மனைவியும் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் மகளிடம், “உனக்கு எதுடா ரொம்பப் பிடிச்சது?” என்று கேட்டேன். அருவி என்பாள் என்று நினைத்தேன். “அந்தக் குழி” என்றாள். எந்தக் குழி என்று எனக்குப் புரியவில்லை, மனைவிதான் சொன்னார். வண்டி நிறுத்திய இடத்தில் ஒரு கூரைக்கு அடியில், காய்ந்த மண்ணில், விரல்கடை அகலத்தில் கூம்புக் கூம்பாகக் குழிகள் இருந்திருக்கின்றன. நான் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது மாமியார் அவளை உட்கார வைத்து அதைக் காட்டியிருக்கிறார். ஓர் எறும்பு குழியின் விளிம்பில் சறுக்கியதும், அடியிலிருந்து ஏதோ ஒன்று மண்ணை வாரி அதன் மேல் எறிந்ததாம். பத்து நிமிடம்கூட இருக்காது. இரண்டு நாளில் அவளுக்கு மிஞ்சியது அதுதான். அப்போது நான் அவள் பக்கத்தில் இல்லை.

அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா உண்டு. இருபது நிமிடம் நடந்தால் ஓர் ஏரி. எனக்கு நாலு பறவையின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஒன்றும் தெரியாத அப்பா பிள்ளைகளுக்கு என்ன காட்ட முடியும்? அப்புறம், ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணம் என்றால், மாமியாரை வண்டியில் உட்கார வைக்காமல் ஐந்து பேரும் சேர்ந்து இருப்பதுபோல் எப்படித் திட்டமிடுவது? இன்ன ஊருக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டாம். நீங்கள் எப்படிப் போகிறீர்கள், போய் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.


ஒற்றைமரம் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் குழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளுக்குச் சொல்ல உதவும். அது குழிநரி. பறக்கும் பூச்சி ஒன்றின் புழுப்பருவம் அது. காய்ந்து பொடிந்த மண்ணில் பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நகர்ந்து கூம்பு பறிக்கும். அடியில் தாடையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். எறும்பு விழுந்தால் மண்ணை எறிந்து சரிய வைக்கும். சில இனங்கள் இரண்டு மூன்று வருடம்கூட இப்படிப் புழுவாகவே இருக்கும். பிறகு மண்ணுக்குள்ளேயே கூடு கட்டி, இறக்கையோடு வெளியே வரும். அப்போது பார்த்தால் தட்டான் மாதிரி இருக்கும், ஆனால் தட்டான் இல்லை. மீசை நீளமாக, நுனி தடித்து இருக்கும். தட்டானுக்கு மீசை இருப்பதே தெரியாது.

குழிநரிக்காக மலைக்குப் போக வேண்டியதில்லை. மழை படாத காய்ந்த மண் எங்கே இருக்கிறதோ அங்கே தேடுங்கள். சுவர் ஓரம், மரத்தடி, மாடிப்படிக்குக் கீழே. உங்கள் பூங்காவிலேயே கிடைக்கலாம்.

என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது நாங்கள் வெளியூர் எங்கும் போக முடியாத நிலை. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. தெருமுனையில் ஒரு பெரிய மரம் இருந்தது. வேறு வழி இல்லாமல்தான் ஞாயிறு காலை அங்கே போய் உட்கார ஆரம்பித்தோம். பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் போகிறோம். ஒரே மரம்தான். சலிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் போன வாரம் இல்லாதது இந்த வாரம் கண்ணில் படும். புது இடத்தில் எல்லாமே புதிது என்பதால் எதுவும் கண்ணில் நிற்காது. என் அனுபவத்தில் இப்படித்தான்.

நாங்கள் பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். மரத்தின் கீழ் இருந்த ஒரு செடியில் இலைகளின் ஓரம் அரைவட்டமாக, கத்தரிக்கோல் வைத்து வெட்டியதுபோல் இருந்தது. புழு கடித்தால் அப்படி ஒழுங்காக இருக்காது. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வேலை செய்தது யார் என்று தெரிந்தது. இலைவெட்டித் தேனீ. அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு துண்டை வெட்டி, காலிடுக்கில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துவிட்டது. கூட்டுக்குள் முட்டைக்கு அறை கட்ட அந்த இலைத்துண்டுதான் அதற்குச் சுவர். என் மகள் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினாள்.

எறும்பு வரிசையில் குறுக்கே விரலால் ஒரு கோடு தேய்த்துப் பாருங்கள். கோட்டுக்கு வந்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறும்புகள் தடுமாறி நிற்கும். முன்னே போனவை விட்டுச் சென்ற மணத்தை வைத்துத்தான் அவை நடக்கின்றன, அது அந்த இடத்தில் அழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் துணிந்த ஒன்று தாண்டும், வரிசை மறுபடி சேரும். ஐந்து வயதுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டாம். ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்ப அவற்றை அலைக்கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாக ஒட்டியிருக்கும் திட்டுகளையும் காட்டுங்கள். அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் குடித்தனம். பல வகைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். என் மகள் ஒரு திட்டைச் சுற்றிக் காகிதத்தில் அச்செடுத்து வைத்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தக் காகிதத்தை வைத்து ஒப்பிடுவாள்.

ஒன்றும் தெரியாத அப்பா என்று எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது. “இது என்னம்மா?” என்றால் “தெரியலையே, பார்ப்போம் வா” என்பேன். அவளோடு சேர்ந்து நானும் குனிந்து பார்த்தேன். பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ‘சீக்’ என்று ஒரு செயலி இருக்கிறது. செல்பேசியைச் செடிக்கோ பூச்சிக்கோ நேரே காட்டினால் பெயர் சொல்லும். கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம் என்பதால் குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் முதலில் நன்றாகப் பார்த்த பிறகு செல்பேசியை எடுங்கள்.

இன்னொன்று. 2019-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் இருந்தவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட நல்ல உடல்நலத்தோடும் மன நிறைவோடும் இருப்பதாகச் சொன்னது அதிகம். ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் இருந்தாலும், துண்டு துண்டாக இருந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போனதால்தான் நலமா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதை அந்த ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும் துண்டு நேரம் வீண் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஞாயிறு இல்லாத நாளிலும் உங்களுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும் தம்பி.


பழையவண்டி எழுதியது:

சார், நான் இருபத்திரண்டு வருடம் சுற்றுலா வேன் ஓட்டினேன். குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனதுதான் என் வேலை. உங்கள் ஆறு இடத் திட்டம் மாதிரி நூறு திட்டம் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டிக்குள் ஒரு அமைதி வரும். பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் கோபமாக இருக்கிறார்கள் என்று.

ஒரு நாளுக்கு ஓர் இடம். போகிற நேரமும் வருகிற நேரமும் சேர்ந்து, அங்கே இருக்கிற நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேரம் இருக்கப் போகிறீர்கள் என்றால் போக ஒன்றரை, வர ஒன்றரை. அதுவே அதிகம். சின்னப் பிள்ளை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிற இடமாகப் பாருங்கள்.

உங்கள் மகன் வாந்தி எடுத்தது உங்கள் தவறும் இல்லை, அவன் தவறும் இல்லை. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு அசைகிறது என்று சொல்லும். கண் செல்பேசியிலோ முன் இருக்கையின் முதுகிலோ இருந்தால் அசையவில்லை என்று சொல்லும். இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் இது அதிகம், வளர வளரப் பெரும்பாலும் குறையும். தூரத்தில் ரோடு தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். படம் பார்க்கவோ படிக்கவோ விடாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது, வெறும் வயிறும் கூடாது. வளைவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுங்கள். வண்டியை மெதுவாகத் திருப்பினாலே பாதி சரியாகிவிடும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுவோம்.

உங்கள் மாமியார் அம்மா விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எல்லோரும் பிள்ளைகளுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பெரியவர்களை அதில் எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். அம்மா எங்கே வசதியாக உட்கார முடியும் என்பதை முதலில் பாருங்கள். தண்ணீர் தெரிகிற, நிழல் இருக்கிற, வண்டியிலிருந்து நூறு அடிக்குள் இருக்கிற ஓர் இடம். மடக்கு நாற்காலி ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கட்டும். அவர் உட்காருகிற இடம்தான் வீடு மாதிரி. பிள்ளைகள் ஓடுவார்கள், எதையாவது கண்டுபிடித்து அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், மறுபடி ஓடுவார்கள். உங்கள் வீட்டில் அந்தக் குழியைக் கண்டுபிடித்ததே அவர்தானே சார்?

விடிகாலையில் போங்கள். கூட்டம் வருகிற நேரத்தில் நீங்கள் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். பறவையும் மிருகமும் அப்போது அதிகம் நடமாடும்.

இடியில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடிச் சத்தம் கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். ஏரி, ஆறு, அருவி எதுவானாலும் பிள்ளைகள் தண்ணீர் ஓரத்தில் இருந்தால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கையில் செல்பேசி இல்லாமல். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நான் பார்த்தவை அப்படி.


மாடிவானம் எழுதியது:

முழங்கால் வலி உள்ளவர் வீட்டில் இருக்கிறார், நீங்கள் இருப்பது அடுக்குமாடி. அப்படியானால் உங்களுக்கு மொட்டை மாடி இருக்கும். நான் பணி ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகளோடு நான் போகும் பயணம் எல்லாம் அங்கேதான்.

நிலவிலிருந்து ஆரம்பியுங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி எதிர்த்திசையில் நிலவு எழும். அடிவானத்தில் பெரிதாகத் தெரியும். உங்கள் மகனைக் கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலால் அதை மறைக்கச் சொல்லுங்கள். மறைந்துவிடும், ஓரத்தில் இடமும் மிஞ்சும். இரண்டு மணி நேரம் கழித்து நன்றாக மேலே ஏறியபின் மறுபடி மறைக்கச் சொல்லுங்கள். அதே அளவுதான். கண் நம்மை அப்படி ஏமாற்றுகிறது. மறுநாள் அதே நேரத்துக்கு வந்தால் நிலவு இருக்காது. ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து வரும், சில நாள் குறையும், சில நாள் கூடும். என் பேத்தி ஒரு வாரம் இந்தத் தாமதத்தைச் சுவரில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நிலவு இல்லாத இரவில் நட்சத்திரம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது ஒரு தடவை செல்பேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் காகிதம் கட்டுங்கள், சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவு கெடுக்காது. பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாருக்குச் சாய்வு நாற்காலி.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் பார்த்தால், ஒரே கோட்டில் நெருக்கமாக மூன்று நட்சத்திரம் நிற்கும். வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப்பட்டை. அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரும். மறுபக்கம் நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி. அதையும் தாண்டினால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. நம் பழம்பாட்டில் அறுமீன் என்பது இதைத்தான். ஆறு தெரிகிறதா ஏழு தெரிகிறதா என்று வீட்டில் எல்லோரும் எண்ணிப் பாருங்கள். யாருக்குக் கண் கூர்மை என்று தெரிந்துவிடும்.

சிரியஸைப் பற்றி உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அது 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, அதாவது அதன் ஒளி நம்மிடம் வந்துசேர 8.6 வருடம் ஆகும். அவனுக்கு ஒன்பது வயது என்றீர்கள். இன்று அவன் கண்ணில் விழும் அந்த ஒளி புறப்பட்டபோது அவன் உங்கள் மடியில் கைக்குழந்தை. என் பேரனுக்கு ஒன்பது வயதானபோது இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் படுத்திருந்தான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தையும் பார்க்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. மாலை இருட்டியதும் அல்லது விடியலுக்கு முன் பார்த்தால், கண் சிமிட்டாத பிரகாசமான ஒரு புள்ளியாகச் சில நிமிடத்தில் கடந்துபோகும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அது விமானம். எப்போது உங்கள் தலைக்கு மேல் வரும் என்பதை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் உங்கள் சின்னவள் கையசைப்பாள், பாருங்கள்.

டிசம்பர் 13, 14 இரவுகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெமினிட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும் நாட்கள். கருவி எதுவும் வேண்டாம், போர்வை மட்டும்.


தோளுக்குமேல் எழுதியது:

ஒற்றைமரம் அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அனுபவம். எழுதி வைப்பது, ஒப்பிடுவது எல்லாம் உங்கள் மகள் தானாகச் செய்தாள், அதனால் நன்றாக இருந்தது. நான் என் மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பார்த்ததை எழுது என்றேன். இரண்டே வாரத்தில் அது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. “நான் வரலை” என்றான். இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அந்த நோட்டை நான் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன்.

திரும்ப அவனை வெளியே கொண்டுவந்தது பறவைச் சத்தம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ என்கிற இலவசச் செயலி, சத்தத்தைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்லும். நம் பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அதைப் பார்க்கிற பொறுப்பை அவனிடம் விட்டேன். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதையும் மாதத்தில் ஒரு நாள் அவனே முடிவு செய்வான். உங்கள் மகனுக்கு ஒன்பது வயதுதான். இப்போதே ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். வரைபடம் அவன் கையில் இருக்கட்டும்.

கண்ணுக்காகவும் வெளியே கூட்டிப் போங்கள். சீனாவின் குவாங்சோ நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று வருடம் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. கூடுதலாக வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். என் மகனுக்கு எட்டு வயதிலேயே கண்ணாடி. எனக்கு இது அப்போது தெரியாது.


ஞாயிறுமட்டும் எழுதியது:

ஐந்து வாரம் ஆகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் ஞாயிறு பூங்கா. நான் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நாலு தடவை தோன்றியது. மகள் எறும்பு வரிசையைக் கண்டுபிடித்தாள். விரலால் தேய்த்துக் காட்டினேன். அக்கா சொன்னபடியே தடுமாறி நின்றன. அவளுக்கு முகம் வாடிவிட்டது. “பாவம்ப்பா, அதுங்களுக்கு வீடு தெரியலை” என்றாள். வரிசை மறுபடி சேரும்வரை அவள் எழவே இல்லை, நானும் எழவில்லை. ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு முறைகூட நான் “சீக்கிரம்” என்று சொல்லவில்லை என்று மனைவி அன்றிரவு சொன்னார்.

இரண்டாவது வாரம் மழை. வெளியே போகவில்லை. மழை விட்டதும் பிள்ளைகள் பால்கனிக்கு ஓடினார்கள். மண்வாசனை எங்கிருந்து வருகிறது என்று மகன் கேட்டான், எனக்குத் தெரியவில்லை. “தெரியலையே, பார்ப்போம் வா” என்றேன். இருவருமாகத் தேடிப் படித்தோம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன, மழைத்துளி விழும்போது அது காற்றில் கிளம்புகிறது. காய்ந்த நாட்களில் செடிகள் விடும் எண்ணெயும் அதில் கலந்திருக்கிறது. 1964-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மண்வாசனை என்பது அதைவிட நல்ல பெயர் என்று என் மகன் சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் ஏரி. மடக்கு நாற்காலி வாங்கிவிட்டேன். மாமியாரை வண்டியில் கூட்டிப்போய் கரையில் நிழலாக ஓர் இடத்தில் உட்கார வைத்தோம். பழையவண்டி ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. பிள்ளைகள் எதைக் கண்டாலும் அவரிடம்தான் ஓடினார்கள். ஓர் இறகு, ஒரு நத்தைக்கூடு, தண்ணீர் ஓரத்துப் புல்லில் ஒட்டியிருந்த காய்ந்த தோல் ஒன்று. அது தட்டான் உரித்துப் போட்ட தோல் என்று மாமியார்தான் சொன்னார். தண்ணீருக்குள் புழுவாக வளர்ந்து, புல்லில் ஏறி, முதுகைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்றார். சிறுவயதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாராம். பத்து வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. எடுத்தவற்றைப் பார்த்த பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

அங்கே போவதற்கு வண்டியில் ஏழு நிமிடம். மகன் முன் இருக்கைகளுக்கு நடுவே ரோடு தெரியும்படி உட்கார்ந்து வழி சொன்னான். வாந்தி இல்லை. தோளுக்குமேல் அம்மா, வரைபடம் அவன் கையில்தான் இருக்கிறது. நோட்டு கொடுக்கவில்லை.

நான்காவது வாரம் எனக்கு வேலை வந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். எரிச்சலோடு இரவு எட்டரைக்கு வீடு திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை. மாடிக்குப் போனால் நான்கு பேரும் பாயில். மாமியாருக்குப் படி ஏற முடியாதே என்றேன். மின்தூக்கியில் கடைசி மாடி வரை வந்து, மிச்சம் பன்னிரண்டு படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். அவர் கையை நீட்டி மகனுக்குக் கார்த்திகையைக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் ஆறு எண்ணினான், மனைவி ஐந்து. எனக்கு வெறும் மங்கலான ஒரு திட்டுதான் தெரிந்தது, செல்பேசியைப் பார்த்துக்கொண்டே படியேறி வந்திருந்தேன். அதைப் பைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். அரைமணி கழித்து எனக்கும் ஐந்து தெரிந்தது. சிரியஸைக் காட்டி, அதன் ஒளி கிளம்பியபோது நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய் என்று மகனிடம் சொன்னேன். அவன் நகர்ந்து வந்து என் கையின் மேல் தலை வைத்துக்கொண்டான். மாடிவானம் ஐயாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நன்றி.

நேற்று ஐந்தாவது ஞாயிறு. பூங்காவில் நீர்த்தொட்டிக்கு அடியில் ஒதுக்குப்புறமாக மகள் பதினொரு குழி கண்டுபிடித்தாள். இந்த முறை நான் பக்கத்தில் இருந்தேன். எறும்பு எதுவும் விழவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இரவு நல்ல மழை. இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்தால் தண்ணீர் உள்ளே வந்து மண் நனைந்து கிடக்கிறது, ஒரு குழியும் இல்லை. எல்லாம் செத்துப்போச்சா என்று கேட்டுக்கொண்டே பள்ளிக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் யாராவது சொல்ல முடியுமா?


ஒற்றைமரம் எழுதியது:

சாகவில்லை என்று சொல்லுங்கள் தம்பி. குழிதான் கலைந்திருக்கும், அவை மண்ணுக்குள் இருக்கும். பல நாள் இரை இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். மண் காய்ந்து பொடிந்ததும் அங்கேயே, இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி, மறுபடி பறிக்கும். நாலைந்து நாள் வெயில் அடித்த பிறகு கூட்டிப் போங்கள். புதுக் குழிக்குப் பக்கத்தில் மண்மேல் சுற்றிச் சுற்றி வளைந்த ஒரு கோடு இருக்கும். நல்ல இடம் தேடி அது நடந்த தடம். அதை முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.